படித்த இரண்டு வருடம் எங்கே போயிற்று?

ஒரு பிள்ளை ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்து, பணம் கட்டி, எல்லாத் தேர்விலும் தேறிய பிறகு, இன்னொரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டு "நீ முதல் வருடம்" என்று உட்கார வைக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டர் படிக்கும் பிள்ளைகள் கல்லூரி மாறும்போது இது சர்வசாதாரணமாக நடக்கிறது. சிரித்த முகத்தோடு நடப்பதால் யாரும் சத்தம் போடுவதில்லை. நான் கொஞ்சம் சத்தம் போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"உமக்கு இதில் என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. முப்பத்து மூன்று வருடம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியின் அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். சேர்க்கை விண்ணப்பம், டி.சி., மதிப்பெண் பட்டியல், ஸ்காலர்ஷிப் லிஸ்ட் இவற்றோடுதான் என் காலம் போயிற்று. மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் மகள், அதாவது என் பேத்தி, மியூசிக்கல் தியேட்டரில் இரண்டு வருடம் முடித்துவிட்டுக் கல்லூரி மாறிய சமயத்தில், நானும் என் மனைவியும் ஆறு மாதம் அங்கே இருந்தோம். பதினெட்டு வயதானவர்களின் கல்லூரிக் கோப்பு அவர்களுக்கே சொந்தம், பெற்றோரிடம்கூடக் கல்லூரி அதைப் பேச வேண்டியதில்லை என்று அங்கே 1974ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் பேத்தியே எல்லாவற்றையும் அச்செடுத்து, "தாத்தா, நீங்க ஆபீஸ்ல இருந்தவர்தானே, பாருங்க" என்று கொடுத்தாள். பார்த்தேன். பார்த்தபின் தூக்கம் வரவில்லை.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் காலத்துப் பாய்ஸ் கம்பெனி நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட வேண்டும், ஆட வேண்டும், வசனம் பேசி நடிக்க வேண்டும், மூன்றும் ஒரே ஆள் செய்ய வேண்டும். நியூயார்க்கின் பிராட்வே மேடைகளுக்கு ஆள் தயார் செய்கிற படிப்பு. பல்கலைக்கழகப் பட்டமாகவே வைத்திருக்கிறார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1968இல் தொடங்கினார்கள் என்றால், ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிச்சிகன், கார்னகி மெலன் என்று பேர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. பட்டத்தின் பெயர் பெரும்பாலும் பி.எஃப்.ஏ. நான்கு வருடம், எட்டு செமஸ்டர், வழக்கமாக 120 கிரெடிட். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்பாடம். மீதிதான் வரலாறு, அறிவியல், கட்டுரை எழுதுவது போன்ற பொதுப்பாடம். இதே பாடத்தை பி.ஏ.வாகவும் படிக்கலாம். அதில் பொதுப்பாடம் அதிகம், தொழிற்பாடம் குறைவு.

சேர்வது லேசில்லை. முதலில் வீட்டிலேயே பாடி, ஆடி, நடித்து வீடியோ அனுப்ப வேண்டும். அதில் தேறினால் நேரில் ஆடிஷன். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் பல கல்லூரிகள் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைகளைக் கேட்கின்றன. ஒரு முழுப் பாட்டுக்கூட இல்லை, சில வரிகள், ஒரு சின்ன வசனம், பிறகு கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நடனம். நல்ல கல்லூரிகள் ஒரு வருடத்துக்கு இருபது பேர் அளவில்தான் எடுக்கின்றன. அப்படி எடுக்கப்பட்ட ஒரு பிள்ளை மாற நினைக்கிறது என்றால், விளையாட்டுக்கு நினைக்குமா?

நம் சொந்தக்காரர்கள் நினைப்பது வேறு. "ஒரு இடத்துல நிலையா இருக்கத் தெரியல" என்று என் தங்கையே போனில் சொன்னாள். பேத்தி விஷயம் இது: நான்கு செமஸ்டரில் அவளுக்கு மூன்று வாய்ப்பாட்டு ஆசிரியர்கள். ஒருவர் அடித்தொண்டையிலிருந்து திறந்து பாடு என்பார். அடுத்தவர் அது தப்பு என்பார். மூன்றாமவர் வருவதற்குள் குரல் கட்டத் தொடங்கிவிட்டது. அவளை ஆடிஷனில் தேர்ந்தெடுத்த துறைத்தலைவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். இந்தத் தொழிலில் குரல்தான் முதல். வயலின் உடைந்தால் வேறு வாங்கலாம், தொண்டைக்கு மாற்று கிடையாது. அந்த நிலையில் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாறுவதற்குப் பிள்ளை காரணமாகவே இல்லாத சம்பவமும் உண்டு. பிலடெல்பியாவில் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் என்று ஒரு கலைப் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் வேர்கள் 1870களுக்குப் போகின்றன. மியூசிக்கல் தியேட்டரும் அங்கே உண்டு. 2024 மே 31, வெள்ளிக்கிழமை, "ஜூன் 7ஆம் தேதியோடு மூடுகிறோம்" என்று செய்தி வந்தது. ஒரே ஒரு வாரம்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். பாதிப் படிப்பில் இருந்த அத்தனை பேரும் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. அவர்களை யார் "நிலையாக இருக்கத் தெரியாதவர்கள்" என்று சொல்வது? அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. அங்கிருந்த நடனத் துறையை வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி தன்னிடம் எடுத்துக்கொண்டது. மனம் இருந்தால் ஒரு துறையையே இடம் மாற்ற முடிகிறது. ஒரே ஒரு பிள்ளையின் இரண்டு வருடத்தை மாற்ற முடியாதா?

இப்போது பேத்தியின் காகிதத்துக்கு வருகிறேன். மறுபடி வீடியோ, மறுபடி ஆடிஷன், எல்லாம் முடித்து இரண்டு கல்லூரிகள் அவளை எடுத்துக்கொண்டன. முதல் கல்லூரியின் கடிதம் அமர்க்களமாக இருந்தது. "உன்னுடைய 64 கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்கிறோம், வாழ்த்துகள்." வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். 64இல் 21 பொதுப்பாடத்துக்குப் போகிறது. மீதி 43, அதாவது பாட்டு, நடனம், நடிப்பு, இசை இலக்கணம் என்று அவள் வியர்வை சிந்திப் படித்த அத்தனையும், "விருப்பப்பாடம்" என்ற தலைப்பில் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டத்தில் விருப்பப்பாடத்துக்கு இருக்கும் இடமோ வெறும் 6 கிரெடிட். ஆக 37 கிரெடிட் குப்பைக்கூடைக்கு. ஏற்றுக்கொண்டோம் என்றது பொய் இல்லை, ஆனால் பட்டத்துக்குச் சேர்ந்தது 27தான். தொழிற்பாடம் எட்டு செமஸ்டரும் வரிசையாகப் படித்தாக வேண்டும் என்பதால், அவள் மறுபடி நான்கு வருடம் படிக்க வேண்டும். மொத்தம் ஆறு வருடம்.

எங்கள் ஆபீசில் ஒரு பையன் இரண்டாம் வருடத்தில் வேறு கல்லூரியிலிருந்து வந்தால் என்ன செய்வோம்? இரண்டு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழகத்தின் அனுமதி, பாடத்திட்டம் வேறுபட்டால் எந்தெந்தத் தாளைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று உத்தரவு. நடையாய் நடக்க விடுவோம், நான் மறுக்கவில்லை. எங்கள் முகத்திலும் சிரிப்பு இருக்காது. ஆனால் கடைசியில் பையன் கையில் ஒரு காகிதம் இருக்கும். இந்தத் தாள் ஒப்பு, இந்தத் தாள் எழுத வேண்டும், நீ இரண்டாம் வருடம். அங்கே சிரிப்புக்குக் குறைவில்லை. அந்தக் காகிதத்துக்குத்தான் தட்டுப்பாடு. பல இடங்களில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்த பிறகுதான் முழுக் கணக்கே போடுகிறார்கள். கடையில் துணியைக் கிழித்த பிறகு விலை சொல்வது போல.

இது இந்தப் படிப்புக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. என்ற அமைப்பு 2017இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று மதிப்பிட்டது. எல்லாப் படிப்பும் சேர்த்த கணக்கு இது. படிப்படியாக ஏற வேண்டிய பி.எஃப்.ஏ.வில் இந்த இழப்புக்கு இன்னொரு வசதியான சாக்கும் கிடைத்துவிடுகிறது.

அந்தச் சாக்கை நியாயமாகவே பார்ப்போம். ஆசிரியர்கள் சொல்வது இது: "எங்கள் நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் வருடம் போட்ட அஸ்திவாரத்தில்தான் இரண்டாம் வருடம் நிற்கும். அந்த இருபது பேரும் ஒன்றாக அழுது, சிரித்து, ஒருவரையொருவர் நம்பப் பழகியிருக்கிறார்கள். நடுவில் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து போட முடியாது." இதில் உண்மை இருக்கிறது. ஒரு குருவிடம் ஒரு வழி, இன்னொரு குருவிடம் இன்னொரு வழி என்பது நமக்குத் தெரியாததா? நடிப்பு வகுப்பில் அவளைக் கொஞ்சம் கீழே வைப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடிப்பு மட்டுமா படிப்பு? மற்றவற்றைப் பாருங்கள். வாய்ப்பாட்டு, ஆசிரியரும் மாணவியும் தனியாக உட்கார்ந்து கற்கிற பாடம். அதில் என்ன முதல் வருடம், மூன்றாம் வருடம்? குரல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான். நடனத்தில் பாலே, ஜாஸ், டாப் எல்லாவற்றுக்கும் படிநிலை வகுப்புகள் இருக்கின்றன. முதல் நாள் ஆடச் சொல்லிப் பார்த்து நிலை பிரிப்பது பல இடங்களில் ஏற்கெனவே வழக்கம். இசை இலக்கணத்துக்கும் நுழைவில் ஒரு தேர்வு வைத்தால் அரைமணி நேரத்தில் நிலை தெரிந்துவிடும். பொதுப்பாடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், வரலாறு எந்தக் கல்லூரியிலும் வரலாறுதான். ஆக நான்கு கயிற்றில் ஒன்றுதான் முடிச்சு. அந்த ஒரு முடிச்சைக் காட்டி நான்கு கயிற்றையும் அறுப்பது கல்வி நியாயம் இல்லை. ஆளை ஆடிஷனில் பார்த்து, கேட்டு, இவள் தேறியவள் என்று எடுத்துக்கொண்ட அதே ஆசிரியர்கள், அடுத்த வாரமே அவளை "ஒன்றும் தெரியாதவள்" வரிசையில் வைப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இதனால் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். அங்கே தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். கூடுதலாக இரண்டு வருடம் என்றால் ஒரு லட்சம் டாலர், நம் ரூபாயில் முக்கால் கோடிக்கு மேல். சாப்பாடு, தங்குமிடம் தனி. பெற்றோர் ஆதரவில் இருக்கும் இளங்கலை மாணவருக்கு அரசு நேரடியாகக் கொடுக்கும் கடனுக்கு மொத்த உச்சவரம்பு 31,000 டாலர்தான். ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெல் உதவித்தொகை வாழ்நாளில் 12 செமஸ்டருக்குத்தான். ஆறு வருடம் என்பது சரியாக அந்த விளிம்பு. ஒரு செமஸ்டர் உடம்பு சரியில்லாமல் போனாலும் அடுத்ததற்கு அந்த உதவி இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ சமாளிக்கும், கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை பாதியில் நிற்கும்.

அடுத்தது மேடை. சில துறைகளில் முதல் வருட மாணவர்களைப் பெரிய நாடகங்களில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை முதலில் படிக்கட்டும் என்பது அந்த விதியின் நோக்கம், நல்ல நோக்கம்தான். இரண்டு வருடம் மேடையில் நின்று வந்தவளுக்கும் அதே விதி என்றால்? ஒரு வருடம் திரைக்குப் பின்னால் துணி மடிக்க வேண்டும்.

மூன்றாவது வயது. கடைசி வருடத்தில் பல கல்லூரிகள் பிள்ளைகளை நியூயார்க்குக்கு அழைத்துப்போய், ஏஜென்ட்டுகள் முன்னால் ஒரு நிகழ்ச்சி நடத்துகின்றன. அந்த வாசலில் 22 வயதில் நிற்பதும் 24 வயதில் நிற்பதும் ஒன்று என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். இளம்பெண் வேடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் அப்படிச் சொல்வார்களா?

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் எந்தக் கல்லூரியும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. பி.எஃப்.ஏ.வை விட்டு, கிரெடிட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு பி.ஏ. பட்டத்தை நான்கு வருடத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சப்படும் பணத்தில் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் தனியாகக் குரலும் நடனமும் கற்பது. பிராட்வே ஆடிஷனில் யாரும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியும் உறுப்பினராகப் பட்டம் கேட்பதில்லை. பிளேபில் பத்திரிகை ஒவ்வொரு வருடமும் பிராட்வேயில் அதிகம் பேர் நடிக்கும் கல்லூரிகள் என்று பத்துப் பெயர்களை வெளியிடுகிறது. பெற்றோர்கள் அதை வேதமாக வைத்திருக்கிறார்கள். அது மேடையில் நிற்பவர்களை எண்ணுகிற பட்டியல். பாதியில் பணம் தீர்ந்து வீட்டுக்குப் போனவர்களை எண்ணுகிற பட்டியல் எங்கே?

பேத்தி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். இரண்டாவது கல்லூரி அவ்வளவு பேர்பெற்றது இல்லை, கடிதத்தில் வாழ்த்தும் குறைவு. ஆனால் முன்பணம் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கத் தாள் அனுப்பினார்கள். நடிப்பில் இரண்டாம் வருடம், நடனத்தில் ஆடிப் பார்த்து மூன்றாம் நிலை, வாய்ப்பாட்டு தொடர்ச்சி, பொதுப்பாடம் முழுதும் ஒப்பு, மூன்று வருடத்தில் பட்டம். கீழே துறைத்தலைவரின் கையெழுத்து. ஒரு வருடம் நஷ்டம்தான். காரணம் சொன்ன நஷ்டம், அதனால் ஏற்றுக்கொண்டோம். "தாத்தா, அந்தக் காலேஜ் பேரு பெருசு" என்று ஒரு நாள் பூராவும் அழுதாள். அவள் அழுததில் நியாயம் இருக்கிறது. இப்போது அந்த இரண்டாவது கல்லூரியில்தான் படிக்கிறாள். குரல் கட்டுவது நின்றிருக்கிறது.

என் கோரிக்கை பெரியது ஒன்றும் இல்லை. மாறி வரும் பிள்ளையை எடுக்க விருப்பம் இல்லையென்றால் எடுக்காதீர்கள், அது உங்கள் உரிமை. எடுத்தால், பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள். எந்த வருடத்தில் வைக்கிறீர்கள், எந்தப் பாடம் பட்டத்துக்குச் சேரும், எது சேராது, ஏன் சேராது. பாடத்துக்குப் பாடம் நிலை பார்த்து வையுங்கள். மொத்தமாக முதல் வருடம் என்று ஒரே முத்திரை குத்துவது, ஒரு பிள்ளையிடம் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை காசு வாங்குவது.

நம் வயதுக்காரர்கள் பலருக்கு அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். டாக்டர், இன்ஜினியர் தாண்டி இப்படிப்பட்ட படிப்புகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். "மாறாதே" என்று உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, வருகிற கடிதத்தை வாங்கிப் படியுங்கள். "எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லாதீர்கள், அதற்கு எப்போதும் இனிப்பான பதில்தான் வரும். "இன்னும் எத்தனை செமஸ்டர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். "முதல் வருட விதிகள் எனக்கும் உண்டா? ஸ்காலர்ஷிப் எத்தனை செமஸ்டருக்கு?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் போனில் வேண்டாம். எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். அது வந்த பிறகு முன்பணம் கட்டினால் போதும்.